ஓட்டை சாரின் தலைகீழ்க் கோட்டை

செஞ்சிக் கோட்டையைப் படையெடுத்து வந்து பிடித்தவர்கள் பலர் உண்டு. அதைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டவர் ஒருவர்தான். அவரிடம் யானையும் இல்லை, குதிரையும் இல்லை, பீரங்கியும் இல்லை. ஒரு சுத்தியல், சட்டைப் பையில் நாலைந்து ஆணி, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், இவ்வளவுதான் படை. கோட்டையைத் தொங்கவிட்ட இடம் எது என்று சொன்னால் வரலாறு படித்தவர்கள் வருத்தப்படுவார்கள். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். கக்கூஸ்.

அவர் பெயர் ஓட்டை சார். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருக்கலாம். செஞ்சியில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. முகத்துக்கு நேரே சார், முதுகுக்குப் பின்னால் ஓட்டை சார். இதில் மறைக்க ஏதோ இருக்கிறது என்று ஊர்தான் நினைத்தது, அவர் நினைக்கவில்லை. ஒருநாள் என் கடைக்குப் போன் செய்து, "ஹலோ, ஓட்டை பேசுறேன்" என்றார்.

பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் வாத்தியாராக இருந்தவர். இருட்டான அறை, அதன் சுவரில் ஒரு சிறு ஓட்டை, அந்த ஓட்டை வழியாக வெளியே இருக்கிற காட்சி உள்ளே தலைகீழாக விழும் என்று புத்தகத்தில் அரைப்பக்கப் பாடம் ஒன்று உண்டு. மற்ற வாத்தியார்கள் அதை அரை பீரியடில் முடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். இவர் அந்தப் பாடத்துக்குள் போனவர் திரும்பி வரவேயில்லை. வகுப்பு ஜன்னலில் ஓட்டை போட்டார். சோதனைக்கூடக் கதவில் ஓட்டை போட்டார். கடைசியில் தலைமை ஆசிரியர் அறையின் ஜன்னல் கதவிலும் போட்டார். மதிய சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் கண்ணயர்ந்திருந்த தலைமை ஆசிரியர் விழித்தபோது, எதிர்ச் சுவரில் ஆய்வுக்கு வந்த மேலதிகாரி தலைகீழாக நடந்து வந்துகொண்டிருந்தார். தலைமை ஆசிரியர் அலறிய அலறலில் மேலதிகாரி நேராகவே ஓடி வந்தார். அந்த வருடமே ஓட்டை சார் விருப்ப ஓய்வு பெற்றார். விருப்பம் தலைமை ஆசிரியருடையது.

ஓய்வு பெற்றவர் வீட்டில் இருந்தார். வீடு தாங்கவில்லை. அவருடைய மனைவி சரோஜா அக்காவிடம் ஒருநாள், "எப்படிக்கா சமாளிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"இன்னா தம்பி சமாளிக்கிறது. கதவுல ஓட்டை, அலமாரியில ஓட்டை, பிஸ்கட் டப்பாவுல ஓட்டை. எங்க வூட்ல அவரு கை வைக்காதது சல்லடை ஒண்ணுதான். அதுல ஏற்கனவே இருந்துச்சு, வுட்டுட்டாரு."

பிறகு ஒரு காலையில் சுத்தியலையும் ஆணிகளையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு அவர் கையில் கொடுத்து, "வெளிய போய் எங்கயாவது போடுங்க. சாப்பாட்டுக்கு வந்துடுங்க" என்று அக்கா அனுப்பிவைத்தார். செஞ்சியில் கலையும் அறிவியலும் கலந்த ஒரு மாலை வகுப்பு இப்படித்தான் தொடங்கியது. இதில் பெரிய திட்டம், கொள்கை எதுவும் இருந்ததாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வகுப்பு நடந்த இடம் எங்கள் ஊர்ப் பூங்கா. சறுக்குமரம் ஒன்று, ஒற்றைக் கொம்பு சிமெண்ட் மான் ஒன்று, தண்ணீர் வராத நீரூற்று ஒன்று, நிழலுக்கு ஒரு பெரிய புங்கமரம். பள்ளி விட்டதும் வல்லம் பக்கமும் அவலூர்பேட்டைப் பக்கமும் போகிற பிள்ளைகள் பஸ் வரும்வரை அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். உட்கார்ந்திருப்பார்கள் என்பது மரியாதைக்காகச் சொல்வது. மானின் இன்னொரு கொம்பு போனது அப்படித்தான். அந்தப் பிள்ளைகளைத்தான் ஓட்டை சார் பிடித்தார்.

நான் இதில் எப்படி மாட்டினேன் என்று சொல்ல வேண்டும். திண்டிவனம் ரோட்டில் எனக்கு ஒரு ஃப்ளெக்ஸ் கடை இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் பேனர் அடித்துத் தருவேன். ஒருநாள் ஓட்டை சார் வந்து என் கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அப்போது நான் ஒரு மாப்பிள்ளையின் தலையைக் கோட்டுப் போட்ட இன்னொருவர் உடம்பில் பொருத்திக்கொண்டிருந்தேன்.

"நீ ஆர்ட்டிஸ்ட்டா?"

"இல்ல சார், தலை வெட்டி ஒட்டுவேன். பின்னாடி ஒளிவட்டம் போடுவேன்."

"அப்ப ஆர்ட்டிஸ்ட்தான். சாயங்காலம் பள்ளிக்கூடம் வுட்டதும் பார்க்குக்கு வந்துடு. சயின்ஸ் நான், ஆர்ட் நீ."

"எனக்குக் கையால வரையத் தெரியாது சார்."

அவர் என் பில் புத்தகத்தை இழுத்து அதன் பின்பக்கத்தில் எதையோ வரைந்து காட்டினார். "இது இன்னா சொல்லு."

நான் நன்றாகப் பார்த்துவிட்டு, "டவுன் பஸ் சார்" என்றேன்.

"பசு மாடு. இப்ப சொல்லு, நம்ம ரெண்டு பேர்ல யாரு ஆர்ட்டிஸ்ட்?"

வாதத்தில் ஓட்டை இல்லை. போனேன்.

வகுப்பில் ஒரே ஒரு சட்டம். எதைப் பற்றியும் கேள்வி கேட்க வேண்டுமானால் முதலில் அதை வரைந்து காட்ட வேண்டும். "சார், எறும்பு எப்படி சார் சுவத்துல ஏறுது?" என்று ஒரு பிள்ளை கேட்டால், "வரைஞ்சியா?" என்பார். அந்தப் பிள்ளை எறும்பைத் தேடிப் போய், உட்கார்ந்து, பார்த்து, வரைந்து, காலை எண்ணி, அழித்து, மறுபடி வரைந்துகொண்டு வருவதற்குள் பஸ் வந்துவிடும். பதில் மறுநாள்தான். பஸ்ஸில் போகும்போதே பாதிப் பிள்ளைகள் பதிலைத் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள். மீதிப் பிள்ளைகள் கண்டக்டரைக் கேட்பார்கள். கண்டக்டர் ஒருவர் என்னிடம் வந்து, "அந்த வாத்தியாரை கொஞ்சம் பாத்துப் பாடம் நடத்தச் சொல்லுப்பா. நேத்து ஒரு பொண்ணு, பஸ் ஸ்பீடா போனா மரம் ஏன் பின்னாடி ஓடுதுன்னு கேட்டு என்னை வரையச் சொல்லுது" என்றார்.

அந்தப் பெண் நஸ்ரின். ஏழாம் வகுப்பு. அவள் அப்பா பஜாரில் கோரைப்பாய்க் கடை வைத்திருந்தார். வகுப்பில் நிஜமாகவே வரையத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். நான் பேருக்கு ஆர்ட் மாஸ்டர். பிள்ளைகள் என்னிடம் படத்தைக் கொண்டுவருவார்கள். நான் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "நஸ்ரின்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு வா" என்பேன். நிர்வாகம் என்பது அதுதான்.

இனி கக்கூஸுக்கு வருகிறேன்.

பூங்காவின் மூலையில் 'மகளிர்' என்று எழுதிய ஒரு கட்டடம் இருந்தது. யார் கட்டியது என்று நான் சொல்லப் போவதில்லை. அந்த அலுவலகத்தில் எனக்கு ஒரு வேலை ஆக வேண்டியிருக்கிறது. கட்டினார்கள், வெள்ளையடித்தார்கள், ரிப்பன் வெட்டினார்கள். ரிப்பனுக்குப் பிறகு வர வேண்டிய பீங்கான், குழாய், தண்ணீர் எதுவும் வரவில்லை. உள்ளே நாலு சுவரும் ஒரு தரையும் மட்டும். 'ஆடவர்' பகுதி அடுத்த கட்டத் திட்டத்தில் இருந்தது. ஆடவர்கள் அதுவரை காத்திருக்கவில்லை.

ஓட்டை சார் ஒருநாள் அந்தக் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். கதவு மேற்கே பார்த்திருந்தது. கதவுக்கு எதிரே பூங்கா வாசல், ரோடு, வீட்டு மாடிகள், அவற்றுக்கு மேலே ராஜகிரி மலை. கதவுக்குப் பின்னால் வெள்ளையடித்த வெறுஞ்சுவர். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மகள் கல்யாணத்துக்கு மண்டபம் கிடைத்த தகப்பன் மாதிரி நின்றார்.

"தம்பி, உன் கடையில பின்னாடி கறுப்பா இருக்குமே, அந்த ஃப்ளெக்ஸ் கெடைக்குமா?"

மாப்பிள்ளை வீட்டார் வாங்காமல் விட்டுப்போன ஒரு கல்யாணப் பேனர் கொடுத்தேன். அதை வைத்து ஜன்னலை அடைத்தார். கதவுச் சந்துகளில் பழைய துணி. பிறகு பையில் கைவிட்டு ஆணியை எடுத்து, தகரக் கதவின் நடுவில் வைத்து, ஒரே அடி.

பிள்ளைகளையும் என்னையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். கும்மிருட்டு. கொசு ரீங்காரம். "சார், ஒண்ணும் தெரியல சார்" என்றது ஒரு குரல். "கண்ணுக்கு டைம் குடுடா, அதுவும் இப்பத்தான பள்ளிக்கூடம் வுட்டு வந்துருக்குது" என்றார்.

கொஞ்ச நேரத்தில் எதிர்ச் சுவர் மெல்ல வெளுத்தது. வெளுப்பில் ஒரு கறுப்பு. அந்தக் கறுப்பு மேலேயிருந்து கீழே தொங்கியது. அது என்ன என்று முதலில் புரியவில்லை. நஸ்ரின்தான் கத்தினாள். "அய்யய்யோ சார், கோட்டை! கோட்டை கவுந்துருச்சு!"

ராஜகிரி வௌவால் மாதிரி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் மேலே, கூரையை ஒட்டி, ஒரு டவுன் பஸ் சக்கரம் மேலாக ஓடியது. ஒரு காக்கா மல்லாந்து பறந்தது. பூங்கா வாசலில் வேர்க்கடலை விற்கிற அஞ்சலை அக்கா தலைகீழாக உட்கார்ந்து கடலை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு கடலைகூடக் கொட்டவில்லை. நான் ஊரில் பிறந்த நாள் முதல் அந்த மலையைப் பார்க்கிறேன். அதாவது, அங்கே இருக்கிறது என்று தெரியும். அன்றைக்குத்தான் பார்த்தேன். இருட்டில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஜலதோஷம் என்று ஓட்டை சார் பின்னால் விளக்கம் சொன்னார்.

செய்தி வாசலுக்குப் போய், அஞ்சலை அக்கா கூடையை விட்டுவிட்டு வந்தார். உள்ளே நின்று சுவரைப் பார்த்தார்.

"எல்லாம் தெரியுது. நான் எங்க?"

"நீங்க உள்ள இருக்கீங்களே" என்றார் ஓட்டை சார்.

"அப்ப வெளிய போறேன்." போனார். வாசலிலிருந்து கத்தினார்: "இப்ப தெரியுதா?"

"தெரியுது!"

"எனக்குத் தெரியலியே!"

இப்படி உள்ளேயும் வெளியேயும் பலமுறை நடந்துவிட்டு, "இன்னா வாத்தியாரே, ஊர்ல எல்லாரும் என்னைப் பாக்கலாம், நான் மட்டும் பாக்கக்கூடாதா? இது இன்னா சயின்ஸு?" என்று சண்டைக்கு வந்தார்.

அந்தத் தலைகீழ்க் காட்சியைச் சுவரிலேயே தீட்டிவிடுவது என்று முடிவானது. வெளிச்சம் விழுகிற இடத்திலேயே கோடு போட்டு வர்ணம் பூச வேண்டும். அங்கேதான் ஒரு சிக்கல். மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடுவதால் மலை வெறும் கரிக்கட்டை. காலையில்தான் பாறையின் பழுப்பும் புதரின் பச்சையும் தெரியும். ஆகவே மாலையில் கோடு, ஞாயிற்றுக்கிழமை காலையில் வர்ணம். பள்ளிக்கூடத்துக்கே ஒழுங்காக வராத பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தார்கள். இன்னொரு சிக்கல், பூசுகிறவர் சுவருக்கு நேரே நின்றால் மலை சுவரை விட்டு அவர் முதுகுக்கு வந்துவிடும். பக்கவாட்டில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டுதான் பூச வேண்டும். முதுகில் மலை விழுந்த பையனுடைய சட்டைமேலேயே இன்னொரு பையன் ஆர்வத்தில் கோடு போட்டுவிட்டான். அவன் அம்மா மறுநாள் சட்டையோடு வந்து, "கோட்டையைத் தொவைச்சுத் தொவைச்சு என் கையே போச்சு" என்றார்.

விஷயம் பரவியது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ச் சனம் கக்கூஸ் வாசலில் வரிசையில் நின்றது. வெளியூரிலிருந்து நிஜக் கோட்டையைப் பார்க்க வந்தவர்கள், இத்தனை பேர் கக்கூஸுக்கு நிற்கிறார்களே என்று பரிதாபப்பட்டுவிட்டு, விஷயம் தெரிந்ததும் தாங்களும் நின்றார்கள். மலை ஏறுவதைவிட இது சுலபம்.

அந்த வரிசையில் ஒருநாள் கோட்டை கோவிந்தன் வந்து நின்றார். அவர் நிலத் தரகர். கோட்டைமேல் உயிர். அவர் போட்ட மனைப்பிரிவுகளுக்கெல்லாம் ராஜகிரி நகர், ராஜகிரி நகர் விரிவு, ராஜகிரி நகர் விரிவின் விரிவு என்றுதான் பெயர். உள்ளே போய்ப் பார்த்தவர் வெளியே வரும்போது கண் சிவந்திருந்தது.

"யோவ் வாத்தியாரே! எங்க கோட்டையை எங்கய்யா கொண்டாந்து வெச்சிருக்கற? அதுவும் கவுத்து!"

"வெளிச்சம் நேர்கோட்டுல போறதால அப்படித்தாங்க விழும். உங்க கண்ணுக்குள்ளகூட எல்லாமே தலைகீழாத்தான் விழுது."

"எனக்கு ரெண்டு கண்ணும் ஆபரேஷன் பண்ணியாச்சு. இப்ப நேராத்தான் விழுது. மரியாதையா நிமித்தி வெய்யி!"

"மலையையா?"

"ஆமா!"

ஓட்டை சார் நக்கல் தெரியாதவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்க வேணா தலைகீழா நின்னு பாருங்களேன்" என்று நல்ல மனதோடு சொன்னார். கோவிந்தன் நேரே அந்தப் பெயர் சொல்லாத அலுவலகத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தார். கோட்டைக்கு அவமதிப்பு, பொதுக் கட்டடத்தின் கதவில் ஓட்டை, உடனே அறையைப் பூட்டி வாத்தியார்மேல் நடவடிக்கை.

அந்த வாரம் முழுக்க ஓட்டை சார் பிள்ளைகளிடம், "பூட்டுறதுக்குள்ள முடிச்சுடணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சிகரம், மதில், பாதி மலை வரை வர்ணம் ஏறியிருந்தது. அடிவாரம்தான் பாக்கி. தலைகீழ் மலையாதலால் அடிவாரம் கூரைப் பக்கம் இருந்தது. பிள்ளைகளுக்கு எட்டவில்லை.

விசாரணைக்கு ஒரு சனிக்கிழமை காலையில் அதிகாரி வந்தார். ஊருக்குப் புதியவர், இளைஞர். கோவிந்தன் ஆட்களோடு வந்திருந்தார். பிள்ளைகள் வந்திருந்தார்கள். சரோஜா அக்காவும் வந்திருந்தார். புருஷனைத் திட்டும் உரிமை தனக்கு மட்டுமே உண்டு என்று நினைக்கிறவர் அவர்.

அதிகாரி உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது. வெளியே எல்லோரும் காத்திருந்தோம். அதிகாரி வரவில்லை. மேலும் காத்திருந்தோம். கோவிந்தனுக்குப் பொறுமை போய், கதவுக்கு எதிரே நின்று கையை ஆட்டி, "ஐயா, பாத்தீங்களா அநியாயத்தை!" என்று கத்தினார். உள்ளேயிருந்து ஒரு பெரிய சிரிப்புச் சத்தம் வந்தது. தலைகீழாக நின்று ஆவேசமாகக் கையாட்டும் கோவிந்தனை அதிகாரி சுவரில் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எங்களுக்கு அப்புறம்தான் தெரியும்.

வெளியே வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சார், அருமையா இருக்கு. இதுல அவமானம் ஒண்ணும் இல்ல. இந்த ரூமை நிரந்தரமா உங்க வகுப்புக்கே ஒதுக்கிடலாம். மாணவர் கலை அறிவியல் கூடம்னு ஒரு போர்டு வெச்சிடலாம். என்ன சொல்றீங்க?"

கூடம்! ஓட்டை சாருக்கு அரசாங்க முத்திரையோடு ஒரு ஓட்டை. பிள்ளைகள் குதித்தார்கள். கோவிந்தன்கூட நிலைமையைப் பார்த்து, போர்டில் ராஜகிரி என்ற பெயர் வந்தால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார்.

அப்போது அதிகாரி சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார். "அது சரி, இதை முதல்ல எதுக்குக் கட்டினாங்க?"

எல்லோரும் 'மகளிர்' என்ற எழுத்தைப் பார்த்தோம். அஞ்சலை அக்காதான் பேசினார்.

"கக்கூஸுங்க ஐயா. எங்களுக்குத்தான் கட்னாங்க. நான் காலையில வந்து கடை போட்டா வெளக்கு வெக்கற நேரத்துக்குத்தான் வூட்டுக்குப் போவேன். இந்த வெயில்ல மதியம் சொட்டுத் தண்ணி குடிக்கறது இல்ல. குடிச்சா எங்க போறது? தண்ணி வரும் தண்ணி வரும்னு பாத்தேன். வாத்தியாரு வந்தாரு. சரி, சும்மா கெடக்கறதுக்கு புள்ளைங்களாவது பாத்துட்டுப் போவட்டும்னு நானும் வாயைத் தொறக்கல."

அவர் குறையாகச் சொல்லவில்லை. கடலை என்ன விலை என்று சொல்வது மாதிரிதான் சொன்னார். அதன்பிறகு நஸ்ரின் மெதுவாக, "சார், நாங்களும்தான் சார்" என்றாள்.

"நீங்களும் இன்னா?"

"காலையில வூட்ல குடிக்கறதோட சரி சார். சாயங்காலம் பஸ்ஸு எப்ப வரும்னு தெரியாது இல்ல. பொண்ணுங்க யாரும் பாட்டில்ல தண்ணி எடுத்துட்டு வர்றது இல்ல சார்."

மற்றப் பெண்பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள். ஓட்டை சார் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். எதையும் பார்க்காமல் விடாதே, பார்த்ததை வரையாமல் விடாதே என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர். தினமும் அவர்களோடு உட்கார்ந்திருந்தவர். அவர் முகம் அன்று போன போக்கை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சரோஜா அக்கா பக்கத்தில் வந்து அவர் கையிலிருந்த மஞ்சள் பையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

"குழாய் போடுங்க சார்" என்றார் ஓட்டை சார், அதிகாரியிடம்.

"யோசிச்சு சொல்லுங்க. வேற இடத்துல கட்டறதுன்னா நாளாகும். இந்த ரூம் போச்சுன்னா உங்க வகுப்புக்கு..."

"குழாய் போடுங்க."

பிறகு ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார். அந்த எதிர்ச் சுவருக்கு மட்டும் டைல்ஸ் வேண்டாம். பிள்ளைகள் பூசியது அப்படியே இருக்கட்டும். அதிகாரி ஒத்துக்கொண்டார். வேலையாட்கள் திங்கட்கிழமை வருவதாக முடிவானது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அடிவாரத்தை முடித்துவிடலாம் என்று நான் வீட்டிலிருந்து ஏணி கொண்டுபோனேன். பிள்ளைகள் எல்லோரும் வந்திருந்தார்கள். வானம் வரவில்லை. காலையிலிருந்தே மேகமூட்டம். மலையும் இல்லை, பஸ்ஸும் இல்லை, சுவரில் வெறும் சாம்பல் நிறம். மதியம் வரை இருட்டில் உட்கார்ந்திருந்தோம். பிறகு ஓட்டை சார் எழுந்து, அஞ்சலை அக்காவிடம் கொஞ்சம் சிமெண்ட் கலவை வைக்க ஒரு கொட்டாங்கச்சி கேட்டு வாங்கினார். கதவின் ஓட்டையை விரலால் பூசி அடைத்தார். உள்ளே ஒருமுறை, வெளியே ஒருமுறை. "உள்ள இருக்கறவங்களுக்கு வெளிய தெரியக் கூடாது, வெளிய இருக்கறவங்களுக்கும் உள்ள தெரியக் கூடாது, இல்லியா?" என்று என்னிடம் கேட்டார். தெரியாமல் கேட்டாரா, என்னைப் பேசவைக்கக் கேட்டாரா என்று புரியாமல், "ஆமா சார்" என்றேன். சரோஜா அக்கா கணக்கில் அவர் வாழ்நாளில் அடைத்த முதல் ஓட்டை அது.

குழாய் வந்தது. பீங்கான் வந்தது. ஆச்சரியமாகத் தண்ணீரும் வந்தது. திறப்பு விழாவுக்கு கோவிந்தன் தன் செலவில் ஒரு பேனர் வைத்தார். நான்தான் அடித்தேன். மலையை நேராக வைத்தேன்.

வகுப்பு புங்கமரத்தடிக்கு மாறியது. முதல் நாள் ஓட்டை சார் வருத்தமாகத்தான் தரையில் உட்கார்ந்தார். அடுத்த நிமிடம் எழுந்து குதித்தார். இலைச் சந்துகள் வழியாக வெயில் தரையில் வட்டம் வட்டமாக விழுந்திருந்தது. "டேய், சந்து கோணலா இருக்குது, வெளிச்சம் ஏன்டா வட்டமா விழுது? அத்தனையும் சூரியன்டா! ஒவ்வொண்ணும் ஒரு சூரியன்!" என்று கத்தினார். பிள்ளைகள், "வரைஞ்சீங்களா சார்?" என்றார்கள். அவர் உட்கார்ந்து வரைந்தார். அப்பளக் கடை மாதிரி இருந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் அவருக்கு ஒரு குறை இருந்தது. அடிவாரம் பாக்கி நின்ற அந்தச் சுவர் இப்போது எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அது மகளிர் கழிப்பிடம். சுவரைத் தீட்டவைத்த மனுஷன் உள்ளே போக முடியாது. ஆர்ட் மாஸ்டரான நானும் போக முடியாது. முதல் வாரம் ஆர்வத்தில் வாசலில் நின்றுகொண்டு வெளியே வருகிற பெண்களிடம், "மலை எப்படிம்மா இருக்குது?" என்று கேட்டார். ஒரு அம்மா செருப்பைக் கழற்றிவிட்டார். அதோடு நிறுத்திக்கொண்டார். போன் கொடுத்துப் படம் எடுத்து வரச் சொல்லலாமா என்று நான் கேட்டதற்கு, "பொம்பளைங்க போற எடத்துக்குள்ள போனு எதுக்கு? வேணாம்" என்று சொல்லிவிட்டார்.

சுவரைப் பற்றி அதன்பின் எங்களுக்குச் செய்தி சொன்னவர் அஞ்சலை அக்கா ஒருவர்தான். இப்போது தண்ணீர் பாட்டிலைக் கூடைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். ஒருநாள் வகுப்பு முடிந்து பிள்ளைகள் பஸ் ஏறியதும் எங்களிடம் வந்தார்.

"வாத்தியாரே, அந்த நஸ்ரின் பொண்ணு மொத்தத்தையும் முடிச்சுட்டுது. தெனம் கொஞ்சம் பெயிண்டு எடுத்தாந்து, உள்ள இருக்குற பக்கெட்டைக் கவுத்துப் போட்டு, அது மேல ஏறி நின்னு பூசியிருக்குது. கூரை வரைக்கும் வந்துடுச்சு."

ஓட்டை சார் கண்ணை மூடிக்கொண்டார். "அடிவாரத்துப் பாறையெல்லாம் இருக்குதா?"

"இருக்குது. புதரு இருக்குது. ஒரு ஆடுகூட இருக்குது."

கண்ணைத் திறந்தார். "ஆடா? நாம பாத்தப்போ ஆடு எதுவும் இல்லியே."

"சின்ன ஆடு. பாறை மேல நிக்குது."

"எப்படி நிக்குது?"

"எப்படி நிக்கும்? ஆடு மாதிரிதான். காலு கீழ, கொம்பு மேல."

ஓட்டை சார் எழுந்துவிட்டார். "மலை தலைகீழா இருக்குது, ஆடு மட்டும் நேரா நிக்குதா? எப்படி முடியும்? வெளிச்சம் நேர்கோட்டுலதான போவும்? மலைக்கு ஒரு சட்டம், ஆட்டுக்கு ஒரு சட்டமா?" வீட்டுக்குப் போகிற வழி முழுக்க அதையே கேட்டுக்கொண்டு வந்தார். இரவு சாப்பாட்டில் ஆட்டைத் தவிர வேறு பேச்சில்லை என்று சரோஜா அக்கா மறுநாள் என்னிடம் சொன்னார்.

மறுநாள் மாலை நஸ்ரின் வந்ததும் வராததுமாகக் கேட்டார். "ஏம்மா, அந்த ஆட்டை ஏன் நேரா வரைஞ்ச?"

அவள் பையை இறக்கி வைத்தாள். "ஆடு பாவம் இல்ல சார். தலைகீழா வரைஞ்சா விழுந்துடும்."

அவர் புங்கமரத்தைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு வந்தார். பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் என்னைப் பார்த்துக் கைகாட்டி, "அது அவரு டிபார்ட்மெண்ட்டும்மா. அவரைக் கேளு, சரியா தப்பான்னு" என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். அவரும் ஆட்டினார்.

கடையில் கூட்டம் இருக்கிற நாட்களில் அவர் என்னைக் கூப்பிடுவதில்லை. "உனக்கு வேலை இருக்கும் தம்பி, நான் பாத்துக்கறேன்" என்பார். அவரைத் தனியே விட முடியாது, அவர் வரைகிற பசு மாட்டைப் பிள்ளைகள் பஸ் என்று நினைத்து ஏறிவிடுவார்கள் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு ஷட்டரை இறக்குகிறேன். காரணம் அது இல்லை. பள்ளிக்கூட மணி அடித்ததும் அந்த மனிதரைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது, அவ்வளவுதான்.